பல்லில் பூச்சி இல்லை

(கன்னியாகுமரி முதல் தருமபுரி வரை சைக்கிளில் வந்து, வழி நெடுகப் பல் சுத்தத்தைப் பற்றிப் பிரசாரம் செய்த தோழர் ஒருவர், தமது பிரயாணத்தின் முடிவில் தருமபுரியில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியது.)



நான் பிரசங்கி அல்ல; பல் வைத்தியனும் அல்ல. முப்பது வருஷ காலமாகச் சைக்கிள் ரிப்பேர்க் கடை வைத்துப் பிழைத்து வருகிறவன். அப்படிப்பட்டவனுக்குப் பல்லைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயந்தான். அதற்காகவே, பல் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்ற பெண் தோழர் ஒருவரையும் கூட அழைத்து வந்திருக்கிறேன். இதோ மேடையில் உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டு நாளும் எனக்குச் சமமாக, உண்மையைச் சொன்னால் எனக்கு முன்னாலேயே, சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். நான் தப்பாக ஏதாவது சொன்னால் உங்கள் முன்னிலையிலேயே என்னைத் திருத்த வேண்டுமென்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் வந்த தூரம் சுமார் 550 கிலோ மீட்டர். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்றே எங்களையும் முதுகில் கை வைத்துத் தள்ளியது. தொப்பூர்க் கணவாயில் அந்தத் தயவு கிடைக்கவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் ஏறினோம். ஏன் காரில் வரக்கூடாது என்று பலர் கேட்டார்கள். காரில் வருகிறவனை ஜனங்கள் கும்பிடுவார்கள். சைக்கிளில் வருகிறவனோடு பேசுவார்கள். எங்களுக்கு வேண்டியது கும்பிடு அல்ல, பேச்சு. மேலும், பூமியைக் குப்பையாக்காமல் பல்லைச் சுத்தம் செய்வது எப்படி என்று சொல்லக் கிளம்பினவர்கள், ஊர் ஊராகப் புகையை விட்டுக்கொண்டு போய் அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஒரு கிராமத்து டீக்கடையில் ஒரு பெரியவர், "ஒரு பொம்பளைப் பிள்ளை இப்படி ஊர் ஊராகச் சைக்கிளில் திரியலாமா?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லுவதற்குள் டாக்டர், "ஐயா, இடது பக்கத்திலேயே மெல்லுகிறீர்களே, வலது கடைவாய்ப் பல் எத்தனை நாளாய் வலிக்கிறது?" என்று கேட்டார். பெரியவர் திகைத்துப் போய், "ஒரு மாசமாய் அம்மா" என்று வாயைத் திறந்து காட்டினார். அதற்குப் பிறகு அவருக்கு அந்தப் பழைய கேள்வி ஞாபகம் வரவில்லை.

நிற்க, நான் ஏன் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது என் அண்ணனுக்குப் பதினாறு வயது. அவனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. மூன்று வாரம் தூக்கமில்லாமல் கிடந்தான். அப்பொழுது எங்கள் ஊருக்குப் பல் பூச்சி எடுக்கிறவன் ஒருவன் வந்தான். கண்டங்கத்திரி விதையை நெய்யில் தோய்த்து, பழுக்கக் காய்ச்சின இரும்பின் மேல் போட்டுப் புகையை எழுப்பி, அதை ஒரு குழாய் வழியாக அண்ணனுடைய வாய்க்குள் விட்டான். கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்திருந்தான். சிறிது நேரத்தில் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக ஐந்து புழுக்கள் மிதந்தன. ஊரே பார்த்தது, நானும் பார்த்தேன். இரண்டு நாளில் வலி நின்றது. என் தாயார் அவனுக்கு ஒரு மரக்கால் நெல்லும் பணமும் கொடுத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து அண்ணனுக்குத் தாடைக்குக் கீழே வீங்கிற்று. காய்ச்சல் கண்டது. பற்றுப் போட்டார்கள், மந்திரித்தார்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கி நாக்கை மேலே தூக்கிவிட்டது. எச்சில் விழுங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்கு முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டது. பல் வலியால் ஒருவன் சாவானா என்று ஊரில் யாரும் நம்பவில்லை. தலைவிதி என்றார்கள். என் தாயாரும் சாகிறவரையில் அப்படியே சொன்னார்கள்.

தோழர்களே! அது தலைவிதி அல்ல என்று எனக்குத் தெரிய நாற்பது வருஷம் ஆயிற்று. என்ன நடந்தது என்று கேளுங்கள். பல்லின் மேலே இருப்பது எனாமல் என்னும் கெட்டியான ஓடு. அதற்குள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கின்றன. சொத்தை ஓட்டைத் துளைத்து நரம்பைத் தொடுகிறபோது உயிர் போகிறாப்போல் வலிக்கிறது. நரம்பு செத்துப் போனால் வலியும் நின்று போகிறது. என் அண்ணனுக்கு வலி நின்றது புழு விழுந்ததால் அல்ல, நரம்பு செத்ததால்! செத்த நரம்பு அழுகி, சீழ் பல்லின் வேருக்குக் கீழே இறங்கி, தாடைக்கும் நாக்குக்கும் அடியில் பரவி, மூச்சுக் குழலை அடைத்துவிட்டது. வலி நின்ற அன்றைக்குத்தான் ஆபத்து ஆரம்பமாயிற்று. அன்றைக்குத்தான் நாங்கள் பூச்சிக்காரனைக் கும்பிட்டோம்.

அப்படியானால் அந்த ஐந்து புழு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு நான் வாயால் பதில் சொல்ல விரும்பவில்லை. நாகர்கோவிலிலும், திருநெல்வேலியிலும், விருதுநகரிலும் செய்து காட்டியதைச் சற்று முன் இங்கேயும் உங்கள் கண் முன்னால் செய்து காட்டினோம். அதே விதை, அதே நெய், அதே இரும்பு, அதே தண்ணீர். ஒன்றே ஒன்றுதான் இல்லை. யாருடைய வாயும் இல்லை! அப்படியும் தண்ணீரில் புழு மிதந்ததைப் பார்த்தீர்கள். அது யாருடைய பல்லிலிருந்து விழுந்தது? இரும்புக்குப் பல் உண்டா? சூட்டில் விதை வெடிக்கிறது. உள்ளே வளைந்து சுருண்டு கிடக்கிற முளை வெளியே தெறித்துத் தண்ணீரில் விழுகிறது. அதைத்தான் புழு என்று விற்கிறார்கள். விதை ஏமாற்றினால் சிலர் கை விரலிடுக்கில் நிஜப் புழுவையே ஒளித்து வைத்திருப்பதும் உண்டு.

இந்த மோசம் நமது நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. ஐரோப்பாவிலும் இதேபோல் வேறொரு விதையைப் புகைத்துப் பல் பூச்சி எடுத்தார்கள். பிரெஞ்சு தேசத்துப் பல் வைத்தியர் பியர் போஷார் என்பவர் 1728இல் எழுதிய புஸ்தகத்தில், பல் சொத்தைக்குப் புழு காரணமல்ல என்று மறுத்து எழுதினார். மில்லர் என்னும் அமெரிக்கர் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்து, வாயிலிருக்கும் கிருமிகள் சர்க்கரையைப் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன, அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890இல் எடுத்துக்காட்டினார். இருந்தும் பூச்சி எடுக்கிறவனுக்கு இன்னும் நம்மிடம் பிழைப்பு நடக்கிறது. குற்றம் அவன் பேரில் பாதி. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற நம் பேரில் பாதி.

சர்க்கரையும் வேளையும்

கோவில்பட்டியில் கூட்டம் முடிந்ததும் எங்களுக்குக் கடலை மிட்டாய் கொடுத்தார்கள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கின மிட்டாய். நாங்கள் வேண்டாமென்று சொல்லவில்லை, ருசித்துத் தின்றோம். ஆனால் எப்படித் தின்ன வேண்டும் என்று டாக்டர் சொன்னது எல்லோரும் அறிய வேண்டிய விஷயம். இனிப்பு வாயில் பட்ட சில நிமிஷத்தில் கிருமிகள் அமிலத்தை உண்டாக்கிவிடுகின்றன. நமது எச்சில் அதைக் கழுவிச் சமப்படுத்த அரை மணி நேரம் போல் ஆகிறது. பிறகு கரைந்த இடத்தை எச்சிலிலுள்ள சத்தே ஓரளவு பூசி அடைக்கிறது. ஆகவே, பத்து மிட்டாயைச் சாப்பாட்டோடு ஒரேயடியாய்த் தின்கிற பிள்ளையைவிட, ஒரு மிட்டாயைக் காலையிலிருந்து மாலை வரை பத்துத் தடவை காக்காய்க்கடி கடிக்கிற பிள்ளையின் பல் அதிகம் கெடும். எச்சிலுக்கு வேலை செய்ய அவகாசம் கொடுக்க வேண்டும். நாளெல்லாம் சர்க்கரை போட்ட டீயை உறிஞ்சிக்கொண்டிருக்கிற நம் கடைவீதித் தோழர்களுக்கும் இதையே சொல்லுகிறேன்.

தூங்கும்போது எச்சில் குறைந்துவிடுகிறது. அதனால் இராத்திரி படுக்கப் போகுமுன் பல் துலக்குவது காலையில் துலக்குவதைவிட முக்கியம். நாமோ காலையில் துலக்குவதை ஆசாரமாக்கிவிட்டு, இராத்திரியை மறந்துவிட்டோம்.

தாய்மார்களுக்கு ஒரு விஷயம். குழந்தைக்கு ஆறு வயது சுமாருக்கு, பால் பல் ஒன்றும் விழாமலேயே, கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்து, விழப் போகிறதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது, ஆயுசுக்கும் உள்ள பல். நாங்கள் பள்ளிக்கூடங்களில் பார்த்த சொத்தையில் பெரும்பாலும் அந்தப் பல்லில்தான் இருந்தது.

குச்சியா, பிரஷ்ஷா?

ஊருக்கு ஊர் எங்களைக் கேட்ட கேள்வி இது. மதுரையில் ஒருவர், "நம் முன்னோர்கள் வேப்பங்குச்சியில் துலக்கி நூறு வயது இருந்தார்கள், பிரஷ் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பித்தலாட்டம்" என்றார். நூறு வயது இருந்த முன்னோர் எத்தனை பேர் என்று கேட்டேன். பதில் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு வாலிபர், "குச்சியெல்லாம் காட்டுமிராண்டித்தனம், விளம்பரத்தில் வருகிற பேஸ்ட்தான் சயன்ஸ்" என்றார். அந்தப் பேஸ்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பழையது என்பதற்காக நம்புகிறவருக்கும், புதியது என்பதற்காக நம்புகிறவருக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் யோசிக்கவில்லை என்பதில் வித்தியாசமே இல்லை.

சாஸ்திரக்காரர்கள் குச்சியையும் விட்டுவைக்கவில்லை. இன்ன வர்ணத்தானுக்குக் குச்சி இத்தனை அங்குலம் என்று அதிலும் மேல் கீழ் வகுத்தார்கள். அமாவாசை முதலிய திதிகளில் குச்சியால் பல் துலக்கினால் குலத்துக்கே கேடு என்றும் எழுதி வைத்தார்கள். கிருமிக்கு அமாவாசை தெரியுமா? அல்லது நீளக் குச்சிக்காரனுடைய வாயில் அது புகப் பயப்படுமா?

இனிக் குச்சியின் குணத்தைப் பார்ப்போம். ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் விலையில்லாமல் கிடைக்கிறது. துலக்கி எறிந்தால் மண்ணோடு மண்ணாகிறது. நுனியை நன்றாக மென்று நார் நாராக்கி, ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி மெதுவாகத் தேய்த்தால் முன்பற்கள் சுத்தமாகும். ஆனால் பற்களின் உட்புறத்துக்கும், கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்துக்கும் அது எளிதில் எட்டாது. மெல்லாத கட்டைக் குச்சியால் தேய்த்தால் ஈறு கிழியும். பிரஷ் அந்த இடங்களுக்கும் போகிறது. புளோரைடு கலந்த பேஸ்ட், அமிலம் அரித்த இடத்தை மறுபடி கெட்டிப்படுத்துகிறது. சொத்தையைக் குறைக்கிறது என்று நெடுங்காலமாக ஆராய்ந்து கண்டதில் இதற்குச் சமமானது வேறில்லை. ஆகையால் இராத்திரியில் பிரஷ்ஷும் பேஸ்டும். பகலில் குச்சி பிடித்தவர்கள் குச்சி. இதில் யாருக்கும் மானக்குறைவு இல்லை. ஆனால் சாம்பல், உமிக்கரி, செங்கல் தூள் இவைகளை மாத்திரம் விட்டுவிடுங்கள். செயினில் மணல் போட்டுத் தேய்த்தால் துரு போகும், செயினும் போகும்.

குப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரஷ்ஷில் நைலான் மயிர் வந்தது 1938இல். அதற்கு முன் பன்றி மயிர். இன்று கைப்பிடி முதல் மயிர் வரை எல்லாம் பிளாஸ்டிக். மூன்று நான்கு மாதத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும் என்கிறார்கள். 2011ஆம் வருஷத்துக் கணக்குப்படி தமிழ்நாட்டு ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். எல்லோரும் வருஷத்துக்கு நான்கு பிரஷ் என்றால் 28 கோடிக்கு மேல்! அவைகளை நீளவாட்டில் வரிசையாக வைத்தால் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி மிச்சமிருக்கும். ஒன்றாவது மக்குவதில்லை. எனவே மூங்கில் கைப்பிடி கிடைக்கிறவர்கள் அதை வாங்கலாம். மயிர் பெரும்பாலும் நைலான்தான் என்பதால் அதைப் பிடுங்கிவிட்டுத்தான் மண்ணில் போட வேண்டும். வாங்க முடியாதவர்கள் பழைய பிரஷ்ஷைக் குப்பையில் போடாமல் உங்கள் ஊர்ச் சைக்கிள் கடையில் கொடுங்கள். செயின் துடைக்க அதைப் போல் வேறு சாமான் இல்லை. என் கடையில் முப்பது வருஷமாக அதுதான். துலக்கும்போது குழாயை மூடி வையுங்கள். இதற்குப் பணம் வேண்டாம்; புத்தி இருந்தால் போதும்.

பல்பொடி விஷயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். பல்பொடியிலும் பேஸ்டிலும் புகையிலை கலக்கக் கூடாது என்று 1992இல் சர்க்கார் தடுத்தார்கள். நம் தாய்மார்கள் பலர் புகையிலையையும் பொடியையும் ஈறில் அடக்கிக்கொண்டு, பல் வலிக்கு மருந்து என்கிறார்கள். அது மருந்தல்ல, மரப்பு. வெறும் பாக்குதானே என்கிறவர்களுக்கும் சொல்லுகிறேன்: புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் தெரிவித்துவிட்டது. வாயில் வெள்ளையோ சிவப்போ திட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், வாய் வரவரத் திறக்க முடியாமல் போனால், வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லை என்று சும்மா இருந்த கதையைத்தான் முதலிலேயே சொன்னேனே!

தருமபுரித் தண்ணீர்

இனி, இந்த ஜில்லாவுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். நேற்று இங்கே பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தாயார் தம் பதினெட்டு வயது மகளை எங்களிடம் அழைத்துவந்தார்கள். அந்தப் பெண் பேசும்போதெல்லாம் வாயைத் துணியால் மூடிக்கொண்டே பேசினாள். பல்லெல்லாம் மஞ்சளும் காவியுமாகக் கறை. மூன்று இடத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். ஜோசியர் தோஷம் என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் வாங்கியிருக்கிறார். தாயார், பிள்ளை துலக்குவதில் சோம்பேறி என்று செங்கல் தூளால் தேய்க்கச் செய்து, இருந்த எனாமலும் தேய்ந்திருக்கிறது.

தோழர்களே! அந்தப் பெண் சோம்பேறியும் அல்ல, தோஷக்காரியும் அல்ல. அவள் குடித்த தண்ணீர் அது. பூமிக்கடியில் சிலவகைப் பாறைகளிலிருந்து புளோரைடு தண்ணீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கெடுதி. பல் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கிற முதல் எட்டு வருஷத்தில் குழந்தை அந்தத் தண்ணீரைக் குடித்தால், பல் முளைக்கும்போதே கறையோடு முளைக்கிறது. எத்தனை தேய்த்தாலும் போகாது. நெடுங்காலம் குடித்தால் எலும்பும் முதுகும் விறைத்துவிடும். அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் இந்த நோயை 1937இலேயே டாக்டர்கள் கண்டு எழுதிவிட்டார்கள்.

பேஸ்டில் நல்லது என்ற புளோரைடு தண்ணீரில் எப்படிக் கெட்டதாயிற்று என்று கேட்பீர்கள். உப்பு குழம்பில் ஒரு பிடி. அதையே படி படியாய்த் தின்றால் என்ன ஆகும்? அளவுதான் வித்தியாசம். பேஸ்டைத் துப்புகிறோம், தண்ணீரை விழுங்குகிறோம். ஆகவே சிறு குழந்தைகளுக்கு மூன்று வயது வரை அரிசியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு பேஸ்ட் போதும்; விழுங்காமல் துப்புகிறதா என்று பெரியவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதிகமாகத்தான் ஆகும். 2013 முதல் ஒகேனக்கல் திட்டத்தில் காவிரித் தண்ணீர் இந்தப் பக்கத்து ஊர்களுக்குக் குழாயில் வருகிறது. அது வருகிற இடத்தில் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் துணி துவைக்கப் போதும். வராத தெருவுக்கு வரும்படி கேளுங்கள், விடாமல் கேளுங்கள். மழைத் தண்ணீரைச் சுத்தமாகப் பிடித்து வையுங்கள். பரிகாரத்துக்குக் கொடுக்கிற பணத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

பெண் பார்க்கப் போகிற வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் இந்த ஜில்லாத் தண்ணீரைக் குடித்தவர்கள்தானே? முதலில் உங்கள் பல்லைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு பிறகு பெண் பார்க்கப் போங்கள். (சிரிப்பு.) அந்தக் கறையை ஓரளவு மறைக்க வைத்தியம் உண்டு என்று டாக்டர் அந்தப் பெண்ணிடம் சொன்னார். அதைவிட, "இது உன் குற்றமல்ல, தண்ணீரின் குற்றம்" என்று சொன்னதே அவளுக்கு அதிக ஆறுதலாயிருந்தது. நாங்கள் கிளம்பும்போது வாயிலிருந்து துணியை எடுத்துவிட்டுச் சிரித்தாள். ஒரு பெண் தன் ஊரில் வாயை மூடாமல் சிரிப்பதற்குக்கூட இத்தனை பிரசாரம் வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா!

தோழர்களே! நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். கண்டங்கத்திரி வேலியோரத்தில் கிடைக்கிறது. இரும்பும் தண்ணீரும் உங்கள் வீட்டில் இருக்கிறது. நாளைக்கு நீங்களே செய்து பாருங்கள். பூச்சிக்காரன் உங்கள் ஊருக்கு வந்தால் அவனை அடிக்க வேண்டாம், விரட்டவும் வேண்டாம். வாயில்லாமல் பூச்சி எடுத்துக் காட்டும்படி பத்துப் பேர் முன்னிலையில் கேளுங்கள், அது போதும். பல் வலி கண்ட பிள்ளையை அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வலி தானாக நின்றுவிட்டால் இன்னும் சீக்கிரமாக அழைத்துப் போங்கள். என் அண்ணனுக்கு இதைச் சொல்ல அன்று ஊரில் ஒருவர் இல்லை. உங்கள் ஊரில் இனிமேல் நீங்கள் இருக்கிறீர்கள்.